எண்ணெய்க் கிணற்றில் கேசிங் அரித்துப்போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திராவில் கோதாவரி கடலில் சேரும் கோனசீமாவின் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒர்க்ஓவர் ரிக்குகளில் பல வருஷம், இடையில் திருவாரூர்ப் பக்கம் கொஞ்ச காலம் என்று வேலை பார்த்துவிட்டு, இப்போது ஆந்திர எல்லையோர நகரி ஏகாம்பரகுப்பத்தில் வீட்டோடு இருக்கிறேன். ஒர்க்ஓவர் என்றால் புதுக் கிணறு தோண்டுவது இல்லை. தோண்டிய கிணற்றுக்கு வைத்தியம் பார்ப்பது. ரயிலடி டீக்கடையில் போய் உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆரம்பிப்பார்கள். விசைத்தறி ஓட்டுகிறவர், போர்வெல் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட மாந்தோப்புக்காரர், ஐடிஐ முடித்த பையன். கேட்டதையே கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

மாமா, கேசிங்ன்னா நம்ம போர்ல இறக்குற அதே பைப்புதானே?

பேர் ஒன்று, வேலையும் பாதி ஒன்று. நம் போரில் மேல்மண் சரியாமல் இருக்கப் பாறை வரை இறக்குகிறோம். பாறை வந்ததும் வெறும் துளைதான். எண்ணெய்க் கிணற்றில் அடி வரை இரும்புதான், அதுவும் ஒன்றுக்குள் ஒன்றாக. மேலே 13⅜ அங்குலக் குழாய், அதற்குள் 9⅝, அதற்குள் 7 அல்லது 5½. வெங்காயத் தோல் மாதிரி. கடைசிக் குழாய்தான் எண்ணெய் இருக்கும் மண்ணடுக்கு வரை போகும். அங்கே வெடி வைத்துத் துளை போட்டு எண்ணெயை உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் சிமென்ட், உள் குழாய்களில் அது எப்போதும் மேல் வரை ஏறியிருக்காது. அந்தக் கடைசிக் குழாய்க்குள்ளே டியூபிங் என்று இன்னொரு மெல்லிய குழாய் தொங்கும். எண்ணெய் ஏறி வருவது அதன் வழியே. டியூபிங் அடியில் பேக்கர் என்ற ரப்பர் அடைப்பான் கேசிங்கோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

குழாய்க்கு தரம் உண்டு. ஜே-55, என்-80, எல்-80, பி-110 என்று பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அந்த எண், இரும்பு எவ்வளவு இழுப்புக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்கும் என்பது. ஜே-55 என்றால் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. ஒரு குழாய் ஏறக்குறைய 12 மீட்டர். 2,000 மீட்டர்க் கிணற்றில் 160-க்கும் மேல் குழாய், அத்தனை மரை மூட்டு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவ்வளவு கெட்டி இரும்பு எப்படி அரிக்கும்?

அவ்வளவு ஒன்றும் கெட்டி இல்லை. அடிக்கு 17 பவுண்டு எடையுள்ள 5½ அங்குலக் குழாயின் சுவர் 7.72 மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

அரிப்பு இரண்டு பக்கமும் வரும். உள்ளே வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு வேலை. அந்த வாயு காய்ந்திருக்கும் வரை இரும்பை ஒன்றும் செய்யாது. தண்ணீரோடு சேர்ந்தால் சோடா மாதிரி அமிலம் ஆகிவிடும். கிணற்றுக்கு வயசு ஆக ஆக எண்ணெயோடு வரும் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் பத்து வருஷம் சும்மா கிடந்த குழாய் பதினோராம் வருஷம் திடீரென்று ஓட்டையாகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் கதையே வேறு. அது இரும்பை அரிப்பதோடு நிற்காது, கெட்டியான இரும்பை முன்னறிவிப்பு இல்லாமல் விரிசல் விடவைக்கும். அப்படிப்பட்ட கிணற்றுக்கு எல்-80 போலக் கடினத்தைக் கட்டுப்படுத்திச் செய்த குழாய் போடுவார்கள். பி-110 வலுவானதாச்சே, அதைப் போடுவோமே என்று யாராவது சொன்னால் ஒதுங்கி நில்லுங்கள். அந்த இடத்தில் வலுவான இரும்புதான் முதலில் உடையும். காற்றே புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாவும் உண்டு, சல்ஃபேட்டைத் தின்று அதே வாயுவை விடுகிற கூட்டம்.

வெளியே வருவது உப்புத்தண்ணீர் மணலால். சிமென்ட் சரியாக ஏறாத இடத்தில் குழாய் நேராக அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். கோனசீமா கடலோரம், மேலடுக்கிலேயே உவர்நீர்.

நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?

பார்த்திருக்கிறேன். ஒரு பழைய கிணற்றில் மேல்பகுதிக் குழாயை வெட்டி இழுத்தோம். ராக்கில் வரிசையாகக் கிடத்தினோம். முதல் சில குழாய் புதுசு போல, மில் வார்னிஷ்கூடப் போகாமல் இருந்தது. அடுத்ததில் ஒரு கை நீளத்துக்குச் செதில் செதிலாகக் கருப்பு. ஓட்டை எதுவும் தெரியவில்லை. கூட இருந்த பெத்தாபுரத்துக்காரர், அனுபவஸ்தர், ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தச் செதிலில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். அப்பளத்தில் போவது போல உள்ளே போய்விட்டது. உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் வழவழவென்று கிடந்தது. வெளியிலிருந்து தின்று, கடைசித் தாள் அளவு இரும்பை மட்டும் விட்டு வைத்திருந்தது. அந்தத் தாள்தான் அத்தனை நாள் கிணற்றைத் தாங்கியிருக்கிறது.

அதே குழாயைப் புரட்டிப்போட்டால் எதிர்ப்பக்கம் ஒரு கீறல் இல்லை. அரிப்பு அடைமழை மாதிரி எல்லா இடத்திலும் பெய்யாது, ஒரு புள்ளியில் சொட்டும்.

பூமிக்குள்ள ஓட்டை விழுந்தது மேல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

கிணற்றின் தலையில் ஒவ்வொரு குழாய் இடுக்குக்கும் ஒரு வால்வும் அழுத்தம் காட்டும் கேஜும் உண்டு. அந்த இடுக்கை அனுலஸ் என்போம். பேசாமல் இருக்க வேண்டிய கேஜ் ஏறினால் சந்தேகம். வால்வைத் திறந்து வாயுவை விட்டு, மூடி, மறுநாள் வந்து பார்க்கும்போது முள் திரும்பப் பழைய இடத்துக்கே ஏறியிருந்தால் சந்தேகமே இல்லை. சில இடங்களில் திரும்பத் திரும்ப வாயுவை விட்டுவிட்டு ரிஜிஸ்டரில் "நார்மல்" என்று எழுதுவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுத் தெர்மாமீட்டரைப் பெட்டியில் வைப்பது போல.

இன்னொரு அடையாளம் தண்ணீர். எண்ணெயோடு வரும் நீரின் உப்பளவு திடீரென்று மாறினால், அது வேறு அடுக்குத் தண்ணீர், வழியில் எங்கோ புகுந்திருக்கிறது.

எந்த ஆழத்துல ஓட்டைன்னு எப்படிப் பிடிப்பீங்க?

என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விதான் கேள்வி. அடைக்கிற வேலையை எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்து கெட்டுப்போன வேலைகளில் பாதிக்கு மேல், ஓட்டை எங்கே, எத்தனை, எந்தப் பக்கத்து அரிப்பு என்று தெரியாமலே சிமென்ட் வண்டியைக் கூப்பிட்டதால் கெட்டவை.

கருவி இறக்கிப் பார்ப்பது ஒரு வழி. லாகிங் வண்டி வரும், கம்பியில் கருவி இறங்கும். குடை விரிந்தாற்போல் பல விரல்கள் குழாய்ச் சுவரைத் தடவிக்கொண்டு மேலேறி உள்விட்டத்தை வரையும். அது உள்பக்கக் குழியைத்தான் சொல்லும். நான் சொன்ன அந்தக் குழாயில் விரல் கருவி விட்டிருந்தால் "நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்திருக்கும்! அதனால் மின்காந்தக் கருவியோ அல்ட்ராசோனிக் கருவியோ சேர்த்து இறக்க வேண்டும். அவைதான் மிச்சமிருக்கும் இரும்பின் தடிமனைச் சொல்லும். வாயு கசியும் இடத்தில் குளிரும், சத்தம் வரும். வெப்பநிலை, ஒலி இரண்டையும் பதியும் கருவிகளும் உண்டு.

இரண்டாவது, எங்கள் கை வழி. முதலில் எண்ணெய் வரும் துளைகளுக்கு மேலே பிரிட்ஜ் பிளக் ஒன்றை வைத்து அடியை மூடிவிடுவோம். அதன் தலையில் கொஞ்சம் மணல் கொட்டுவோம், பிறகு சிமென்ட் விழுந்தால் பிளக்கோடு ஒட்டாமல் இருக்க. அப்புறம் பேக்கரை டியூபிங்கில் கட்டி நடு ஆழத்தில் வைத்து, மேல் இடுக்கில் அழுத்தம் ஏற்றுவோம். கேஜ் நின்றால் மேல்பாதி சுத்தம், ஓட்டை கீழே. கேஜ் இறங்கினால் மேலே. அடுத்து அந்தப் பாதியின் பாதி. சின்ன வயசில் "ஒன்றிலிருந்து நூறுக்குள் ஒரு எண் நினைச்சுக்கோ" என்று விளையாடுவோமே, அதேதான். 2,000 மீட்டரை ஏழு முறை பாதியாக்கினால் 15 மீட்டருக்கு வந்துவிடலாம், ஏறக்குறைய ஒன்றேகால் குழாய் நீளம்.

சொல்லும்போது ஏழு முறை. ஒவ்வொரு முறையும் டியூபிங்கை ஏற்றி இறக்க வேண்டும், பேக்கர் பிடிக்க வேண்டும், பதினைந்து நிமிஷம் அரைமணி கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, கால்வாய்க்கரைக் கொசுவில், அந்த முள் ஒரு நூல் இறங்குகிறதா அல்லது கண் அசந்ததா என்று மூன்று பேர் சண்டை போடுவோம். ஓட்டை ஒன்றாக இல்லாமல் இரண்டு இருந்தால், பேக்கருக்கு மேலே அழுத்தினாலும் முள் இறங்கும், கீழே அழுத்தினாலும் இறங்கும். புதுசாக வந்தவன் பேக்கர் கெட்டுவிட்டது என்பான்.

வேலைக்கு முன்னாடி கிணத்தைக் "கொல்லணும்"ன்னு சொல்றாங்களே?

எண்ணெய் அடுக்கின் அழுத்தத்தைவிட நாம் நிரப்பும் தண்ணீரின் எடை கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது கிணறு அடங்கும். கணக்கு எளிது. நல்ல தண்ணீர் 10 மீட்டர் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 2,000 மீட்டருக்கு 200. அடியில் 220 இருந்தால் தண்ணீர் போதாது, உப்பு கலந்து 1.1-க்கு மேல் அடர்த்தி ஏற்ற வேண்டும். சாப்பாட்டு உப்பு 1.2 வரை கொண்டுபோகும், அதற்கு மேல் கால்சியம் குளோரைடு.

ஓட்டைக் கேசிங்கில் சிக்கல் என்னவென்றால், நாம் ஊற்றும் உப்புநீர் வழியில் ஓட்டை வழியே மேல்மணலுக்குள் ஓடிவிடும். நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம், மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே டியூபிங் வழியாகவே அடிக்குத் தள்ளுவது, தொட்டியின் மட்டத்தை ஓர் ஆள் விடாமல் பார்ப்பது, கிணற்றுத் தலையில் பிஓபி (கிணறு பீறிட்டால் மூடும் பெரிய வால்வு) போட்டுச் சோதித்த பிறகே டியூபிங்கைக் கழற்றுவது. இதில் எதையும் விடக்கூடாது.

சிமென்ட் வச்சு அடைச்சிடலாம்ல?

அடைக்கலாம். ஸ்க்வீஸ் என்பார்கள். வீடு கட்டும் சிமென்ட் இல்லை. ஜி வகை, சூட்டிலும் அழுத்தத்திலும் இவ்வளவு நேரத்தில்தான் இறுக வேண்டும் என்று மருந்து சேர்த்துக் கரைப்பது. கரைசல் தண்ணீரைப்போல 1.9 மடங்கு கனம்.

முதலில் வெறும் தண்ணீரை ஓட்டைக்குள் தள்ளிப் பார்ப்போம். தாராளமாகக் குடித்தால் சாதாரண சிமென்ட் போகும். அழுத்தம் ஏறுகிறது, குடிக்க மாட்டேன் என்கிறது என்றால் ஓட்டை ஊசிமுனை. சாதாரண சிமென்ட் துகள் அதன் வாயிலேயே நின்றுவிடும். அங்கே நுண்சிமென்ட் அல்லது ரெசின். சிமென்ட் போனதும் ஒரேயடியாக அழுத்தக் கூடாது. கொஞ்சம் தள்ளி, பத்துப் பதினைந்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி கொஞ்சம். மணல் அதன் தண்ணீரை உறிஞ்ச, வாயில் தோசை மாதிரி ஒரு படலம் கட்டும். மிச்சத்தைப் பின்பக்கமாகச் சுற்றி வெளியே எடுத்துவிட்டு, ஒருநாள் காத்திருந்து, உள்ளே கெட்டியானதைத் துளைத்து, உள்ளிருந்து அழுத்தியும் வெளியழுத்தம் உள்ளே வர விட்டும் சோதிப்போம். இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் சோதித்து ரிக்கை நகர்த்தியவர்கள் திரும்பி வருவார்கள்.

தாள் அளவுக்கு மெலிந்த குழாயில் அழுத்தம் ஏற்றினால் பக்கத்தில் புது வாய் திறக்கும். கிழிந்த வேட்டியைத் தைக்கப்போய் ஊசி பட்ட இடமெல்லாம் கிழிவது போல.

பேட்ச்ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். புத்தூர்க் கட்டு. எலும்பு முறிந்த இடத்தைத் திறக்காமல் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுகிறார்களே, அதையே குழாயின் உள்பக்கம் கட்டுகிறோம். மெல்லிய இரும்புச் சட்டையை ஓட்டைக்கு நேரே இறக்கி, அதற்குள் ஒரு கூம்பை இழுத்தால் சட்டை விரிந்து கேசிங் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல வைத்தியம். ஆனால் உள்விட்டம் குறுகிவிடும். அதன் பிறகு அந்தக் கிணற்றுக்குள் பழைய அளவு பேக்கரோ துளைக்கும் பிட்டோ இறங்காது. பேட்ச் கீழ்ப்பக்கம் இன்னொரு ஓட்டை விழுந்தால் அதை அடைக்கும் சட்டை இந்தச் சட்டை வழியாகத்தான் போக வேண்டும். சட்டை இறக்கும் முன் ஸ்க்ரேப்பர் விட்டுச் சுரண்டாமல் போட்டால் துருவின் மேல் உட்காரும், இரும்பின் மேல் உட்காராது.

கெட்ட பைப்பை மட்டும் கழட்டிட்டுப் புதுசு போடக்கூடாதா?

வெளியே சிமென்ட் ஏறாத மேல்பகுதியில் மட்டும் முடியும். எதுவரை குழாய் பிடியின்றி நிற்கிறது என்று இழுத்துப் பார்த்து அளந்து, அதற்குக் கீழே போகாமல் உள்கத்தியால் வெட்டி, மேல் துண்டை இழுத்து எடுத்து, நின்றிருக்கும் முனையை மில் என்ற அரைக்கும் கருவியால் சமன் செய்து, அதன் தலையைக் கவ்வும் ஓவர்ஷாட்டோடு புதுக் குழாய் இறக்க வேண்டும். செலவு அதிகம், நாள் அதிகம், ஆனால் முடிந்தால் என் ஓட்டு இதற்குத்தான். சிமென்டில் புதைந்த பகுதி கெட்டிருந்தால் உள்ளேயே சின்னக் குழாய் ஒன்றை இறக்கிச் சிமென்ட் பிடிக்கச் செய்வார்கள். 7 அங்குலத்துக்குள் 5 போகும். 5½-க்குள் போடுவது சில சமயம் கிணற்றைப் பேனா ரீஃபில் ஆக்கிவிடும்.

எப்போ விட்டுடணும்?

மிச்சமிருக்கும் எண்ணெய் ரிக் வாடகையைக் கட்டாது என்றபோது. அப்போதும் அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது. துளைகளுக்கு நேரே சிமென்ட், ஓட்டைக்கு நேரே சிமென்ட், மேலே சிமென்ட், தரைமட்டத்துக்குக் கீழே வெட்டித் தகடு பற்றவைத்து மூட வேண்டும்.

ஊர்த் தண்ணி கெட்டுப்போகுமா?

கெட வாய்ப்பு உண்டு. மேலே போடும் பெரிய குழாயும் தரை வரை ஏற்றும் சிமென்டும் நல்ல தண்ணீரைக் காப்பதற்குத்தான். உள் குழாய் ஓட்டையானாலும் வெளியே இன்னொரு சுவர் நிற்கும். இரண்டாவது சுவர் இருக்கிறதே என்று முதல் சுவரைக் கவனிக்காமல் விட்டால், அப்புறம் ஒரே சுவர்தான். ஆகவே ஊர்க்காரர்கள் அனுலஸ் கேஜைப் பற்றிக் கேட்பது அதிகப்பிரசங்கம் இல்லை, கேட்க வேண்டிய கேள்வி.

பாசர்லபூடி மாதிரி ஆகாதே?

பாசர்லபூடி கோனசீமாவில் இருக்கும் ஊர். 1995 ஜனவரி 8 அன்று அங்கே எரிவாயுக் கிணறு பீறிட்டுத் தீப்பிடித்து 65 நாள் எரிந்தது. அது தோண்டும்போது நடந்தது, அரிப்பால் இல்லை. அரிப்புக்குக் காட்ட வேண்டியது 2014 ஜூன் 27 விடியற்காலை. அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் கசிந்து வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கிணறு இல்லை, தரைக்குள் போகும் குழாய். ஆனால் ஈர வாயு, உள் அரிப்பு என்ற அதே கதை. நம் ஊர் நகரி, அந்த ஊர் நகரம். அன்றைக்கு வீட்டிலிருந்து எனக்கு வந்த போன்களை எண்ணி மாளாது.

வாயுவில் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு வந்தால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியானவன் விழுவான்.

ஒரு தடவை ரிப்பேர் பண்ணா எத்தனை வருஷம் தாங்கும்?

எதனால் அரித்தது என்பதைச் சரிசெய்தீர்களா என்பதைப் பொறுத்தது. வெளி அரிப்பு என்றால் கிணற்றுக் குழாய்க்கு மெல்லிய மின்சாரம் கொடுத்துக் காக்கலாம். கிணற்றுத் தலைக்கும் எண்ணெய் போகும் லைனுக்கும் நடுவில் மின்சாரம் கடக்காத மூட்டு போட வேண்டும். உள் அரிப்பு என்றால் தடுப்பு மருந்து, இடுக்கில் நிற்கும் நீரில் ஆக்சிஜனையும் பாக்டீரியாவையும் எடுக்கும் மருந்து. ஒரே கிணற்றுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அடைத்த இடம் கல்லு போல இருந்தது, ஓட்டை இரண்டு குழாய் தள்ளி.

நம்ம தோட்டத்து போர்ல எம்எஸ் (சாதா இரும்பு) கேசிங் அரிச்சு சேத்துத்தண்ணி வருது மாமா. சிமென்ட் ஊத்தலாமா?

வேண்டாம் நைனா. மேலேயிருந்து ஊற்றும் சிமென்ட் ஓட்டையைத் தேடிப் போகாது, மோட்டார் தலைக்கும் ஊற்றுக்கண்ணுக்கும்தான் போகும். முதலில் மோட்டாரைத் தூக்குங்கள், நாள் தள்ளினால் சேறு இறங்கி அதுவும் மாட்டிக்கொள்ளும். போர் கேமரா வைத்திருப்பவரைக் கூப்பிட்டு எந்த அடியில் மண் வருகிறது என்று கண்ணால் பாருங்கள். 6½ அங்குல போர் என்றால் உள்ளே 5 அங்குல பிவிசி குழாயை, கெட்ட இடத்தைத் தாண்டிக் கெட்டிப் பாறை வரை இறக்கி, அடியில் மண் புகாதபடி அடைக்கலாம். அப்புறம் நாலு அங்குல மோட்டார்தான் இறங்கும், தண்ணீர் கொஞ்சம் குறையும். திருச்செங்கோட்டு ரிக்காரர்களுக்கு இது தெரிந்த வேலை. பாறைக்கு நடுவிலேயே இடிந்திருந்தால் காசைக் கொட்டாதீர்கள். விடுவதானால் வாயை மூடி விடுங்கள், அன்றைக்கே.

என் பையன் இந்த வேலைக்குப் போகலாமா?

டீசல் மெக்கானிக், ஃபிட்டர் படித்திருந்தால் வழி உண்டு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ரிக் தரையில்தான் தொடக்கம். டிரில்லராக உயர, கிணறு பீறிடாமல் அடக்கத் தெரியும் என்று காட்டும் வெல் கன்ட்ரோல் சான்றிதழ் இல்லாமல் முடியாது. நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி, வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ராஜமுந்திரியிலும் பிழைக்கலாம், காரைக்கால் பக்கமும் பிழைக்கலாம். கை ஜாடை மட்டும் புதிதாகப் பழக வேண்டும். பம்ப் ஓடும்போது எந்த மொழியும் காதில் விழாது. ஏஜென்ட் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், என்னிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டுங்கள். காலையில் ஏழு மணிக்கு டீக்கடையில் இருப்பேன்.